அச்சு வரிசையில் நிற்கும் தமிழ்

சற்று நீண்ட பதிவு. தமிழ்த்துறை, மொழியியல் துறை மாணவர்களை மனத்தில் கொண்டு எழுதியது. சி மொழி அறியாதவர்களும் தொடர்ந்து வாசிக்கலாம். வேண்டிய இடங்களில் விளக்கியிருக்கிறேன்.

பெருமாட்டி என்றதும் வெளியூர் நண்பர்களுக்குப் பிளாச்சிமடை நினைவுக்கு வரும். குளிர்பான ஆலையின் உரிமத்தைப் புதுப்பிப்பதில்லை என்று 2003-ஆம் ஆண்டில் தீர்மானித்த ஊராட்சி அது. ஒரு தீர்மானத் தாளின் எடை என்ன என்பதை அறிந்த ஊர். இப்பகுதிக்கு இன்னொரு முகமும் உண்டு. பாலக்காடு மாவட்டத்தின் சித்தூர் வட்டத்தில், பொள்ளாச்சிச் சமவெளியை ஒட்டிக் கிடக்கும் இவ்வூர்களில் தமிழும் மலையாளமும் ஒரே திண்ணையில் புழங்குகின்றன. 1956-இல் மாநில எல்லைகள் மொழிவழி வகுக்கப்பட்ட பின்னும், சித்தூர்ப் பகுதித் தமிழரும், இடுக்கி மலைமேல் தேவிகுளம், பீர்மேட்டுத் தமிழரும் கேரளத்தின் மொழிச் சிறுபான்மையராகவே வாழ்கின்றனர்.

1969-ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டம் இவர்களுக்கு ஓர் உரிமையை வழங்குகிறது. தமிழ், கன்னடச் சிறுபான்மையர் தலைமைச் செயலகத்தோடும் துறைத் தலைமை அலுவலகங்களோடும், மொழிச் சிறுபான்மைப் பகுதிகளாக அறிவிக்கப்பட்ட இடங்களிலுள்ள அரசு அலுவலகங்களோடும் தம் மொழியிலேயே கடிதத் தொடர்பு கொள்ளலாம். மறுமொழியும் அம்மொழியிலேயே தரப்பட வேண்டும். குறைதீர்க்கக் கோரும் விண்ணப்பத்தை மாநிலத்தில் வழங்கும் எம்மொழியிலும் அளிக்கலாம் என்று அரசமைப்புச் சட்டத்தின் 350-ஆம் உறுப்பும் கூறுகிறது.

இவ்வுரிமையைப் பற்றிப் பேசும்போதெல்லாம் நாம் ஆணைகளையும் அலுவலர்களையும் பற்றியே பேசுகிறோம். மனு எழுதப்படுவதற்கும் அது அலுவலகத்தில் பதிவாவதற்கும் இடையே இன்று இன்னோர் இடம் இருக்கிறது. அது அச்சுப்பொறிக்கு முன்னால் உள்ள வரிசை. அங்கே தமிழ் தடுக்கப்பட்டால் அதற்கு ஆணையெண் இராது, மேல்முறையீடும் இராது. அந்த இடத்தைப் பற்றியே இப்பதிவு. அதைப் பற்றி எழுத எனக்குத் தகுதி உண்டென்றால், அங்கே தமிழைத் தடுத்தவன் வேறு எவனும் அல்லன், நான் எழுதிய நிரல்தான் என்பதே அத்தகுதி.

எங்கள் பகுதியில் ஒரு சிறிய வாசகசாலை உண்டு. மூன்று பழைய கணினிகள். அச்சுப்பொறி ஒன்றே ஒன்று. தமிழ்வழி மாணவர்களின் வினாத்தாள், வேலைக்கு விண்ணப்பம், வாய்க்கால் தண்ணீருக்கு மனு என எல்லாம் அங்கே அச்சாகும். அச்சுப்பொறி இணைக்கப்பட்ட கணினிக்கு ஒவ்வொருவரும் பென்டிரைவோடு நடந்து போய்க் காத்திருப்பது வழக்கம். விடுமுறையில் ஊருக்கு வந்த நான், மூன்று கணினிகளிலிருந்தும் நேரே அனுப்பும்படி செய்து தருகிறேன் என்று ஏற்றுக்கொண்டேன். ஆயத்தமான மென்பொருள் இருக்கிறது. கப்ஸ் என்னும் அச்சு அமைப்பை நிறுவினால் சிறிது நேரத்தில் வேலை முடியும். ஆனால் எழுத்துமுறைகளைப் பற்றி ஆய்வேடு எழுதிக்கொண்டிருந்த எனக்கு, ஓர் எழுத்து திரையிலிருந்து தாளுக்குப் போகும் வழியை ஒருமுறை கையால் தொட்டுப் பார்க்க வேண்டும் என்ற ஆசை. எனவே மிகச் சிறிய ஸ்பூலர் ஒன்றைச் சி மொழியில் நானே எழுதத் தொடங்கினேன்.

ஸ்பூலர் என்பது என்ன? கணினி விரைவானது; அச்சுப்பொறி மெதுவானது. இரண்டுக்கும் இடையே ஒருவர் நின்று, வரும் வேலைகளை வாங்கி வட்டில் வைத்து, வந்த முறைப்படி ஒவ்வொன்றாக அச்சுப்பொறிக்குக் கொடுக்க வேண்டும். அந்த இடையாள்தான் ஸ்பூலர். திரையும் விசைப்பலகையும் இன்றிப் பின்னணியில் ஓயாமல் விழித்திருக்கும் இத்தகைய நிரலை டீமன் என்பர். 1960களில் எம்.ஐ.டி.யில் இப்பெயரை இட்டவர்கள் இயற்பியலாளர் மாக்ஸ்வெல் கற்பனை செய்த கண்காணாப் பூதத்தை மனத்தில் கொண்டனர். நம் ஊர் எல்லையில் நிற்கும் காவல் தெய்வத்தை நினைத்துக்கொண்டால் போதும்.

வலையமைப்பு வழியாக அச்சுக்கு அனுப்பும் பழைய நெறிமுறை ஒன்று உண்டு. பெர்க்லி யூனிக்ஸில் வழங்கிய எல்.பி.டி. என்னும் நிரலின் நடத்தையை விவரித்து 1990 ஆகஸ்டில் ஆர்.எஃப்.சி. 1179 என்னும் குறிப்பு வெளியானது. சிறிய ஆவணம், ஒரே அமர்வில் படித்துவிடலாம். டீமன் 515-ஆம் போர்ட்டில் காத்திருக்கும். வரும் செய்தியின் முதல் பைட்டே கட்டளை. 1 என்றால் காத்திருப்பவற்றை அச்சிடு. 2 என்றால் புதிய வேலையைப் பெற்றுக்கொள். 3, 4 என்றால் வரிசையின் நிலையைச் சுருக்கமாகவோ விரிவாகவோ சொல். 5 என்றால் வேலையை நீக்கு. முழு இலக்கணமும் ஐந்து வினைகளில் அடங்கிவிடுகிறது.

ஒவ்வொரு வேலையோடும் இரண்டு கோப்புகள் வரும். ஒன்று அச்சிட வேண்டிய தரவு. மற்றொன்று கட்டுப்பாட்டுக் கோப்பு; யார் அனுப்பியது, எந்தக் கணினியிலிருந்து, வேலையின் பெயர் என்ன, எவ்வாறு அச்சிட வேண்டும் என்பன அதில் வரிக்கொன்றாக இருக்கும். சி மொழியில் இதை எழுத அதிகம் தேவையில்லை. சாக்கெட் திறத்தல், போர்ட்டோடு பிணைத்தல், காத்திருத்தல், அழைப்பை ஏற்றல், ஏற்றதும் ஃபோர்க் செய்து அவ்வேலையை ஒரு சேய்ச்செயலிடம் ஒப்படைத்தல் ஆகிய ஐந்து படிகளே அடித்தளம். 1024-க்குக் கீழான போர்ட் என்பதால் தொடக்கத்தில் மட்டும் உயர் அதிகாரம் வேண்டும்; பிணைத்த உடனே அதைத் துறந்துவிட வேண்டும். அனுப்புநர் தரும் கோப்புப் பெயரை நம்பி அப்பெயரிலேயே வட்டில் எழுதக் கூடாது; நாமே ஒரு பெயர் இட வேண்டும். இவ்வளவையும் கவனமாகச் செய்தேன். ஆங்கிலத்தில் ஒரு பக்கம் அனுப்பிச் சோதித்தேன், அச்சாகி வந்தது.

மறுநாள் வாசகசாலைப் பெரியவர் வாய்க்கால் நீர்த்திறப்பு பற்றித் தமிழில் ஒரு மனு அனுப்பினார். தாள் வந்தது. அதில் தேதி இருந்தது. தொலைபேசி எண் இருந்தது. காற்புள்ளிகளும் முற்றுப்புள்ளிகளும் இருந்தன. வேறெதுவும் இல்லை. ஊர்ப் பெயர்களும் ஆட்களின் பெயர்களும் கோரிக்கையும் முற்றாக மறைந்திருந்தன.

காரணம் என் நிரலின் ஒரே வரி. ஆர்.எஃப்.சி. 1179-இல், தரவை எளிய உரையாக அச்சிடு என்று ஒரு வகையும், கட்டுப்பாட்டுக் குறிகளைத் தொடாமல் அப்படியே அச்சிடு என்று மற்றொரு வகையும் உண்டு. முதல் வகையில், தத்தல், வரிமுறிவு, பக்கமுறிவு போன்ற ஐந்து நீங்கலாக மற்ற ஆஸ்கி கட்டுப்பாட்டுக் குறிகளை நீக்கிவிட வேண்டும் என்பது விதி. ஆஸ்கியில் கட்டுப்பாட்டுக் குறிகள், ஒன்று நீங்கலாக, 32-க்குக் கீழே உள்ளவை. எனவே 32-ஐவிடச் சிறிய பைட்டை நீக்கு என்று எழுதினேன். படிப்பதற்குக் குற்றமற்ற வரி.

ஆனால் சி மொழியில் 'சார்' என்னும் வகை குறியுள்ளதா, குறியற்றதா என்று மொழித் தரம் அறுதியிடவில்லை. கணினிக்கும் தொகுப்பிக்கும் விட்டுவிடுகிறது. வாசகசாலையில் உள்ளது போன்ற வழக்கமான மேசைக் கணினியில் அது குறியுள்ளது. -128 முதல் 127 வரை. யூடிஎஃப்-8 குறிமுறையில் 'க' என்பது 224, 174, 149 என மூன்று பைட்டுகள். குறியுள்ள வகையில் அவை -32, -82, -107 ஆகிவிடும். மூன்றுமே 32-ஐவிடச் சிறியவை. தமிழ் எழுத்து ஒவ்வொன்றும் என் நிரலின் கண்ணுக்கு எதிர்மறை எண்ணாயிற்று, எல்லாம் நீக்கப்பட்டன. இதே நிரலை லினக்ஸ் இயங்கும் ஆர்ம் வகைச் சிறு கணினியில் ஓட்டியிருந்தால் இப்பிழை தெரிந்திராது; அங்கே 'சார்' குறியற்றது. மொழியியல் மாணவர்கள் இதை வட்டார வழக்கு என்று புரிந்துகொள்ளலாம். ஒரே தொடர், இரண்டு ஊர்களில் இரண்டு பொருள்.

திருத்தினேன். திருத்தும்போது இன்னும் ஒரு படி முன்சென்று, ஓர் அதிபுத்திசாலித்தனமும் செய்தேன். பழைய எட்டுபிட்டுக் குறிமுறைகளில் 128 முதல் 159 வரையிலான இடங்களும் கட்டுப்பாட்டுக் குறிகளுக்கு ஒதுக்கப்பட்டவை என்று எங்கோ படித்திருந்தேன். பாதுகாப்புக்காக அவற்றையும் நீக்கினேன். மனுவை மறுபடி அனுப்பினோம். இம்முறை பாதி வந்தது.

பெரியவர் தாளைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "என்ன கண்ணு, நம்ம எழுத்து மட்டும் கரையான் அரிச்ச மாதிரி வந்திருக்குது?" என்றார். "தப்பு என்னோடதுங்க ஐயா" என்றேன்.

வட்டில் சேமித்திருந்த கோப்பைத் திறந்து, எவ்வெழுத்துகள் பிழைத்தன, எவை மாண்டன என்று பட்டியலிட்டேன். ஆய்வு மாணவனின் பழக்கம் அது. அந்தப் பட்டியல் விசித்திரமானது. உயிரெழுத்துகள் பன்னிரண்டும் போயிருந்தன, ஆய்தமும் போயிருந்தது. மெய்களில் க, ங, ச, ஞ, ட ஆகிய ஐந்தும் சிதைந்தன. ண முதல் ன வரையிலான எஞ்சிய பதின்மூன்றும் பிழைத்தன. உயிர்மெய்க் குறிகளில் காலும் இகரக் குறியும் மட்டும் நின்றன. மற்றவை அனைத்தும் போயின. புள்ளியும் போயிற்று.

வல்லினம், மெல்லினம், இடையினம் என்று எந்தப் பகுப்பைக் கொண்டும் இதை விளக்க முடியாது. 'ட' போய்த் 'த' ஏன் நின்றது? ஒலியியலில் விடை இல்லை. விடை குறிமுறை அட்டவணையில் இருக்கிறது. தமிழ் எழுத்துகளின் மூன்றாம் பைட், அவ்வெழுத்து அட்டவணையில் எத்தனையாவது இடத்தில் இருக்கிறது என்பதைப் பொறுத்தது. அட்டவணையின் முற்பகுதியில் உள்ள எழுத்துகளுக்கு அப்பைட் 128-க்கும் 159-க்கும் இடையே விழுகிறது. 'ண' தொடங்கி அதற்கு மேலே சென்றுவிடுகிறது. புள்ளி 224, 175, 141. இந்த 141 என் வடிகட்டியில் சிக்கியது. 'ம' 224, 174, 174, அது தப்பியது.

எங்கள் ஊராட்சியின் பெயரையே எடுத்துக்கொள்ளுங்கள். பெ, ரு, மா, ட், டி என்று இலக்கணப்படி 5 எழுத்து. ஒருங்குறியில் 10 குறிகள். வட்டில் 30 பைட்டுகள். சி மொழியின் நீளமளக்கும் சார்பு 30 என்றே சொல்லும். அந்தப் பத்துக் குறிகளுள் ஒற்றைக்கொம்பு, உகரக் குறி, இரண்டு டகரங்கள், புள்ளி ஆகிய ஐந்தும் என் நிரலால் சிதைந்தன. எஞ்சியவை ப, ர, ம, கால், இகரக் குறி. பெருமாட்டி, 'பரமா'வும் தொங்கி நிற்கும் ஒரு சுழியுமாக வந்து விழுந்தது.

புள்ளி போனதைக் கண்டபோது ஓலைச்சுவடிகள் நினைவுக்கு வந்தன. சுவடிகளில் மெய்யெழுத்துக்குப் பெரும்பாலும் புள்ளி இடப்படுவதில்லை. எகர ஏகார வேறுபாடும் காட்டப்படுவதில்லை. ஆயினும் பதிப்பாசிரியர்கள் அவற்றைப் படித்தார்கள். தம் மொழியறிவால் புள்ளியை மீட்டார்கள். அங்கே எழுதியவருக்கும் படிப்பவருக்கும் இடையே ஓர் உடன்பாடு இருந்தது. என் நிரல் செய்தது அதுவன்று. எழுதியவர் இட்ட புள்ளியை, படிப்பவருக்குத் தெரியாமல், இடையில் நின்றவன் எடுத்துவிட்டான்.

இங்கிருந்துதான் என் கருத்து தொடங்குகிறது.

அந்த 1990-ஆம் ஆண்டுக் குறிப்பு தமிழைப் பற்றி எதுவும் அறியாது. ஒருங்குறியின் முதல் பதிப்பே 1991-இல்தான் வந்தது. தமிழ் அதில் இடம்பெற்றது. யூடிஎஃப்-8 குறிமுறையைக் கென் தாம்சனும் ராப் பைக்கும் 1992-இல் வகுத்தனர். அவர்கள் ஒன்றை உறுதிசெய்தார்கள்: ஆஸ்கி அல்லாத எந்த எழுத்தின் பைட்டும் 128-க்குக் கீழே வராது. ஆகவே பழைய நிரல் ஒன்று, தனக்குப் புரியாத பைட்டுகளைத் தொடாமல் கடத்தினால் போதும். தான் பிறந்தபோது இல்லாத குறிமுறையில் எழுதிய தமிழையும் அது பழுதின்றிக் கொண்டு சேர்க்கும். ஆர்.எஃப்.சி. சொன்னபடி 32-க்குக் கீழுள்ள ஆஸ்கிக் குறிகளை மட்டும் குறியற்ற எண்ணாகக் கொண்டு நீக்கியிருந்தால், என் நிரலும் தமிழைக் கெடுத்திராது. அறியாமை தமிழைக் காத்திருக்கும். என் அரைகுறை அறிவு கெடுத்தது.

கடத்துபவன் படிக்கக் கூடாது. படிக்க வேண்டியவன் முழுமையாகப் படிக்க வேண்டும். ஒரு சிறு ஸ்பூலர் எனக்குக் கற்றுத்தந்த பாடம் இதுவே. மொழியறிவு வேண்டாம் என்பது இதன் பொருளன்று. 'பெ' என்பதில் பகரம் முதலிலும் கொம்பு பின்னும் சேமிக்கப்படுகின்றன. தாளில் கொம்பு முன்னே வர வேண்டும். 'கொ' என்பதில் ஒரே குறி இரண்டாகப் பிரிந்து மெய்யின் இருபுறமும் நிற்க வேண்டும். இதை அறிந்த ஒருவர் எங்கேனும் இருந்தாக வேண்டும். அவருக்குரிய இடம் வரிசைக்கும் அச்சுப்பொறிக்கும் இடையிலுள்ள மாற்றி. பாங்கோ, ஹார்ஃப்பஸ் போன்ற கட்டற்ற நிரலகங்கள் அவ்வேலையை நன்றாகச் செய்கின்றன. இறுதியில் என் டீமனில் வடிகட்டியை முழுவதும் நீக்கிவிட்டு, பெற்ற பைட்டுகளை அப்படியே சேமித்து, அத்தகைய மாற்றி ஒன்றிடம் ஒப்படைத்தேன். நிரல் முன்பைவிடச் சிறிதாயிற்று. தமிழ் முழுமையாக வந்தது.

இன்னும் ஒரு நன்மையும் உண்டு. வலையமைப்பு பைட்டுகளை நாம் விரும்பும் கொத்துகளாகத் தராது. 'க'வின் முதல் பைட் ஒரு வாசிப்பிலும் மற்ற இரண்டும் அடுத்த வாசிப்பிலும் வரலாம். இடையில் நின்று பொருள் காண முயலும் நிரல் இங்கே தடுமாறும். எண்ணிக்கை நிறையும்வரை வாங்கி வைப்பதை மட்டும் செய்யும் நிரலுக்கு இக்கவலை இல்லை.

ஆர்.எஃப்.சி. 1179-ஐ நான் குறையற்றதாகச் சொல்லவில்லை. கட்டுப்பாட்டுக் கோப்பில் பயனர் பெயருக்கும் கணினிப் பெயருக்கும் 31 பைட், வேலையின் பெயருக்கு 99 பைட் என வரம்பு இடுகிறது. ஆங்கிலத்துக்கு அது 31 எழுத்து. தமிழுக்கு அது பத்துக் குறி. பெருமாட்டி என்னும் 30 பைட் பெயர் மயிரிழையில் தப்பும். இன்னும் ஓர் எழுத்து சேர்ந்தால் அது நடுவில் வெட்டுப்படும். எம்மொழியில் ஆவணம் உள்ளது என்று சொல்லவும் அந்நெறிமுறையில் இடமில்லை. 1990களின் இறுதியில் வந்த ஐ.பி.பி. நெறிமுறை இதைச் சரிசெய்தது. அதில் ஒவ்வொரு வேண்டுகோளும் முதலில் தன் குறிமுறையையும், அடுத்துத் தன் இயற்கை மொழியையும் அறிவித்தாக வேண்டும். மொழி ஊகிக்கப்படுவதில்லை, அறிவிக்கப்படுகிறது. 1969-ஆம் ஆண்டுச் சட்டத்தின் தருக்கமும் இதுவே. மனுதாரர் தம் மொழியைத் தாமே தெரிவு செய்கிறார். அலுவலகம் அதே மொழியில் விடையளிக்கக் கடமைப்படுகிறது.

ஒப்புகையைப் பற்றியும் ஒரு சொல். எல்.பி.டி. நெறிமுறையில் ஒவ்வொரு படியிலும் பெறுபவர் ஒரு சுழியப் பைட்டைத் திருப்பி அனுப்ப வேண்டும். பாட்டி கதை சொல்லும்போது நாம் 'உம்' கொட்டுவது போன்றது அது. 'உம்' வராவிட்டால் பாட்டி நிறுத்திவிடுவாள். என் முதல் நிரல் கடைசிப் பைட் வந்ததும், கோப்பு வட்டில் உறுதியாக எழுதப்படுமுன்பே 'உம்' கொட்டியது. அந்த நொடியில் மின்சாரம் போனால் அனுப்பியவர் தம் மனு சேர்ந்துவிட்டது என்று நம்பிக்கொண்டிருப்பார். இங்கே ஒன்றும் இராது. முதலில் தற்காலிகப் பெயரில் எழுதி, வட்டில் சேர்ந்ததை உறுதிசெய்து, பிறகு வரிசைக்குரிய பெயருக்கு மாற்றி, அதன் பின்னரே ஒப்புகை தர வேண்டும். பெறாததற்கு ஒப்புகைச் சீட்டுத் தரும் எழுத்தரை நாம் பொறுப்போமா? நிரலை மட்டும் ஏன் பொறுக்க வேண்டும்?

இரண்டு மறுப்புகளை எதிர்பார்க்கிறேன்.

முதலாவது: இவையெல்லாம் தீர்ந்துபோன சிக்கல்கள். இன்று ஆவணம் பி.டி.எஃப். ஆகவே அச்சுக்குச் செல்கிறது. எழுத்துருவும் அதனுள்ளேயே இருக்கிறது. இது பெருமளவு உண்மை. பயன்பாட்டுக்கு ஒருவர் என் நிரலை நாடக் கூடாது. கப்ஸையே நாட வேண்டும். ஆனால் எல்லா அச்சும் பி.டி.எஃப். வழியே செல்வதில்லை. கடைச் சீட்டு அச்சிடும் சிறு வெப்ப அச்சுப்பொறிகள் பொதுவாக இன்னும் பைட்டுகளை வாங்கித் தம் குறிப்பக்கத்தில் தேடி அச்சிடுபவை. அக்குறிப்பக்கங்களில் தமிழ் இருப்பது அரிது. தமிழ்ச்சீட்டு வேண்டுமானால் எழுத்தைப் படமாக்கி அனுப்ப வேண்டும். அதற்கு மெனக்கெடாதவர் ஆங்கிலத்தில் அச்சிட்டுவிடுகிறார். தரவுத்தளங்களிலும் பெயர்ப்பட்டியல்களிலும் பைட் எண்ணிக்கையை எழுத்தெண்ணிக்கையாகக் கொண்ட வரம்புகள் இன்னும் உயிரோடு இருக்கின்றன. அச்சு வரிசையில் நான் செய்த பிழையை வேறு எந்த வரிசையிலும் எவரும் செய்யலாம்.

இரண்டாவது: மொழி மாணவர்களுக்கு இது எதற்கு? இதைக் கணினித் துறையினர் பார்த்துக்கொள்வார்கள். இம்மறுப்பை நான் ஏற்கவில்லை. கல்வெட்டு ஆய்வாளர் மைப்படி எடுக்கக் கற்கிறார். பதிப்பாசிரியர் ஏட்டின் துளையையும் சிதைவையும் அறிந்தே பாடத்தை அறுதியிடுகிறார். ஒலியியல் மாணவர் அலைவரைவைப் படிக்கப் பழகுகிறார். எழுத்து எப்பொருளின்மேல் அமர்கிறதோ அப்பொருளை அறிவது நம் துறையின் பழைய ஒழுக்கம். இன்று தமிழ் அமர்ந்திருக்கும் பொருள் பைட். அதை மட்டும் பிறர் பார்த்துக்கொள்ளட்டும் என்று விடுவது எவ்வாறு பொருந்தும்? என் நிரலின் சிதைவுப் பட்டியலைப் பார்த்த கணினித்துறை நண்பர் ஒருவர், "ஏதோ எழுத்துருச் சிக்கல்" என்றார். ண முதல் ன வரை மட்டும் பிழைத்திருக்கின்றன என்பதைக் காண, தமிழ் நெடுங்கணக்கு மனத்தில் இருக்க வேண்டியிருந்தது.

கேரளத்தில் இதற்கு ஒரு நல்வாய்ப்பும் உண்டு. 1980 வாக்கில் எம்.ஐ.டி. ஆய்வகம் ஒன்றில் ஸெராக்ஸ் அச்சுப்பொறியின் தாள் அடிக்கடி சிக்கியது. அதைச் சரிசெய்ய முனைந்த ரிச்சர்ட் ஸ்டால்மனுக்கு அதன் மூலநிரல் மறுக்கப்பட்டது. கட்டற்ற மென்பொருள் இயக்கத்தின் பின்னணியில் அந்த அச்சுப்பொறிக்கும் ஓர் இடம் உண்டு. அவ்வியக்கத்தின் இந்தியக் கிளை 2001-இல் திருவனந்தபுரத்தில் தொடங்கியது. கேரள அரசுப் பள்ளிகளின் கணினிகளில் லினக்ஸ் இயங்குகிறது. அதாவது அச்சு வரிசையின் மூலநிரல் நம் பிள்ளைகளின் மேசைமேலேயே திறந்து கிடக்கிறது. அதைத் திறந்து பார்க்க நாம்தான் சொல்லிக்கொடுக்கவில்லை.

எனவே பாலக்காட்டுப் பகுதியிலும் தமிழகத்திலும் உள்ள தமிழ், மொழியியல் துறைகளுக்கு என் வேண்டுகோள் எளியது. தமிழ்க் கணிமை என்னும் தாளில், எழுத்துருவையும் தட்டச்சையும் கற்பிப்பதோடு நில்லாமல், ஒரு பருவத்துக்கு ஒரு சிறு நிரலை மாணவர்களை எழுதச் செய்யுங்கள். வாங்கு, வை, ஒப்புகை சொல், வரிசைப்படி கொடு என்னும் நான்கு செயல்களை மட்டும் செய்யும் ஸ்பூலர் போதும். சில நூறு வரிகளில் அடங்கும். முதல் சோதனையைத் தமிழில் செய்யச் சொல்லுங்கள். நான் ஆங்கிலத்தில் செய்தேன்; ஆங்கிலத்தில் வெற்றி பெற்ற நிரலை முடிந்தது என்று நம்பினேன். என் பிழைகளுள் மூத்த பிழை அது. சிறுபான்மை மொழிக்கு நேரும் தீங்கு பெரும்பாலும் பகைமையால் வருவதில்லை. எல்லாம் சரியாக இருக்கிறது என்று வேறொரு மொழியில் சோதித்து முடித்துவிடுவதால் வருகிறது.

வாய்க்கால் மனு மூன்றாம் நாள் முழுமையாக அச்சானது. பெரியவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு ஒவ்வோர் ஊர்ப் பெயரையும் விரல் வைத்துப் படித்தார். புள்ளிகள் எல்லாம் இருக்கின்றன என்று உறுதியான பிறகே கையொப்பமிட்டார். அத்தாள் வரிசையைக் கடந்துவிட்டது. மறுமொழி எம்மொழியில் வருகிறது என்பது இனி அலுவலகத்தின் பொறுப்பு; வரும் மொழியைக் கவனித்துக் கேட்பது நம் பொறுப்பு.